தொழிற்கல்வி மாணவரும் சுயகற்றலும்

(நமது ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்துள்ளார்கள். இத்தகைய மேடைகளில் மருத்துவராவது எப்படி, ஆட்சிப் பணிக்குச் செல்வது எப்படி என்றே பெரிதும் பேசப்படுகிறது. அவை தேவையான பேச்சுகளே. ஆயினும் இன்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுள் பெரும்பாலோர் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் பயில்பவர்கள். அவர்களைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. ஆகவே இன்றைய நமது பேச்சு முழுவதும் அவர்களுக்கே உரியது.

மற்றொரு காரணமும் உண்டு. அரியர் வைத்திருக்கும் மாணவர்களுக்கு அடுத்த ஆண்டு முதல் உதவித்தொகையை நிறுத்திவிடலாமா என்னும் யோசனை நிர்வாகக் குழுவின் முன் இருப்பதாக அறிகிறோம். அதைப் பற்றிய நமது கருத்தையும் மறைக்காமல் கூறிவிட எண்ணுகிறோம்.

பத்தாம் வகுப்பை முடித்தவுடன் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை மூன்றாண்டு டிப்ளமோவில் சேர்கிறான். அதுவரை தமிழ்வழியில் படித்தவன் கையில் ஆங்கிலப் பாடநூல் வந்து சேர்கிறது. 'இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஏதாவது ஒரு தொழிலையாவது கற்றுக்கொள்ளட்டும்' என்னும் சொல் அவனுக்கு முன்பாகவே கல்லூரி வாசலுக்குச் சென்று காத்திருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவன், நாளடைவில் தானும் அதை நம்பிவிடுகிறான். தன்னால் ஒன்றைத் தானாகக் கற்க முடியும் என்னும் எண்ணமே அவனுக்கு எழுவதில்லை. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சொன்னதை எழுத வேண்டும். எழுதியதை ஒப்புவிக்க வேண்டும். அவன் அறிந்த கல்வி அவ்வளவுதான்.

இதில் ஆசிரியர்களாகிய எங்களுடைய பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்னியல் துறையில் பாடம் நடத்திய காலத்தில், ஐந்தாண்டுக் கேள்வித்தாள்களைப் பார்த்து, வரக்கூடிய விடைகளை மட்டும் வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்தவர்கள் நாம். 'சார், இது பரீட்சைக்கு வருமா?' என்று மாணவன் கேட்டால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களே நாம்தான் என்பது அப்போது தோன்றியதில்லை.

ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. செய்முறை வகுப்பில் மாணவன் தானே அளந்து, தானே குறித்து, தானே முடிவுக்கு வர வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அந்த நோட்டு. நடந்தது வேறு. முந்தைய ஆண்டு மாணவனின் நோட்டு கைமாறும். அதில் உள்ள அளவுகள் அப்படியே இறங்கும். ஓம் விதிச் சோதனையில் வகுப்பில் அறுபது பேருக்கும் ஒரே மின்தடை, கடைசிப் புள்ளி எண் வரையில்! அறுபது பேர் அளந்தால் அறுபது விதமாகச் சிறு வேறுபாடுகள் இருந்தே தீரும். அதை அறிந்தும் சிவப்பு மையால் கையெழுத்திட்டு அனுப்பினோம். அச்சமயம் நாம் அவர்களுக்குக் கற்பித்த பாடம் ஓம் விதியன்று. பார்த்ததை எழுதுவதைவிடப் பார்க்க விரும்பப்படுவதை எழுதுவதே பாதுகாப்பு என்பதே அந்தப் பாடம்.

இந்த வழக்கத்திலிருந்து நம்மை விழிக்கச் செய்தவன் ஒரு மாணவன். அவனுடைய தந்தை மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பையன் மாலையில் அந்தக் கடையில் வேலை செய்வான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, அதே கணக்கில் புதிதாகக் கட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் மின்பொறிகள் பாடத்தில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தான்! மோட்டாரைக் கட்டத் தெரிந்தவன் மோட்டாரைப் பற்றிய பாடத்தில் தோற்கிறான் என்றால் குறை யாரிடம் என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாள் அவனை அழைத்து, 'கண்டன்சர் போய்விட்டால் மின்விசிறி என்ன செய்யும்?' என்று கேட்டோம். 'உறுமும் சார், சுற்றாது. கையால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும்' என்றான். 'எந்தப் பக்கம் சுற்றும்?' என்றோம். 'எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம்' என்றான். 'அது ஏன்?' என்று கேட்டபோது விழித்தான். பலமுறை கண்ணால் கண்ட காட்சி அது. ஏன் என்று அவன் ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. விடையை நாம் சொல்லவில்லை. இரண்டு வாரம் தருகிறோம், கண்டுபிடித்து வா என்று அனுப்பினோம். (ஓடும் விசிறியில் கை வைத்துச் சோதிப்பது ஆபத்தானது, பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் முயல வேண்டாம்.)

அவன் முதலில் தந்தையிடம் கேட்டான். 'எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அதைச் சொல்லவில்லையே' என்றாராம் அவர். பிறகு நூலகத்தில் தெராஜா எழுதிய தடித்த புத்தகத்தை எடுத்திருக்கிறான். ஆங்கிலம் தடுத்தது. படத்தைப் பார்த்து, புரிந்த நான்கு சொற்களை வைத்து, புரியாத சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நம்மிடம் வந்தான். சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்லி அனுப்பினோம். கடையில் கிடந்த பழைய விசிறி மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். இரண்டாம் வாரத்தின் முடிவில் வந்து, கரும்பலகையில் வடம் இழுக்கும் போட்டியைப் போல ஒரு படம் வரைந்தான்.

ஒரு முனை மின்சாரம் தரும் காந்தப்புலம் சுழல்வதில்லை, ஏறி இறங்குகிறது. அதை எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சம புலங்களாகக் கொள்ளலாம். நின்றிருக்கும் சுழலியை இரண்டும் சம பலத்தில் இழுப்பதால் அது நகராமல் உறுமுகிறது. ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அந்தப் பக்கத்து இழுப்பு ஓங்கிவிடுகிறது. துணைச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டன்சர் சற்று முந்தச் செய்வதால்தான் மோட்டார் தானே புறப்படுகிறது. இவ்வளவையும் அவன் தன் சொற்களில் சொன்னான். அத்துடன், நாம் கேட்காத ஒன்றையும் சொன்னான்: துணைச் சுற்றின் இரண்டு முனைகளை மாற்றி இணைத்தால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது என்று. அந்தக் கடைசிச் செய்தியை அவன் சொன்னபோது அவனுடைய முகத்தில் இருந்த தெளிவை நாம் மறக்கவில்லை.

அவன் முதல் மாணவனாகத் தேறினான் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அடுத்த முறை தேறினான், மதிப்பெண் சாதாரணம்தான். இப்போது தந்தையின் கடையை நடத்துகிறான். வரும் மோட்டாரை உடனே பிரிக்காமல் முதலில் கண்டன்சரைச் சோதிக்கிறான். அது மட்டும் பழுதென்றால் அதை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். அதில் அவனுக்கு வருமானம் குறைவு. வாடிக்கை கூடியிருக்கிறது.

அறிஞர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சுயகற்றல், அல்லது தானே நெறிப்படுத்தும் கற்றல். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தனக்கு எது தெரியவில்லை என்று கண்டறிதல், எதை அடைய வேண்டுமென்று முடிவு செய்தல், அதற்கு யாரிடம், எந்த நூலிடம் செல்வது என்று தேடுதல், ஏற்ற வழியைத் தேர்ந்து செய்தல், கடைசியில் கற்றோமா இல்லையா என்று தானே சோதித்தல் ஆகியவற்றில் மாணவன் தானே முன்கை எடுப்பதே அது என்றார். பிறர் உதவியுடனோ உதவியில்லாமலோ என்று அவர் சேர்த்துச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தனியாகக் கற்பது வேறு, தானாகக் கற்பது வேறு. நாம் சொன்ன மாணவன் தந்தையிடம் கேட்டான், நூலகரிடம் கேட்டான், நம்மிடமும் கேட்டான். கேள்வி மட்டும் அவன் கையில் இருந்தது.

ஆகவே 'நீயே படித்துக்கொள்' என்று பிள்ளையைக் கைவிடுவது சுயகற்றலாகாது. ஜெரால்டு குரோ என்பவர் 1991-இல் எழுதிய கட்டுரையில், மாணவரை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: ஆசிரியரையே சார்ந்திருப்பவர், ஆர்வம் கொண்டவர், பங்கேற்பவர், தானே நடப்பவர். முதல் நிலையில் இருப்பவனிடம் நான்காம் நிலைக்குரிய பொறுப்பைக் கொடுத்தால் அவன் திகைத்து நிற்பான். நான்காம் நிலைக்கு வந்துவிட்டவனை முதல் நிலை மாணவனாக நடத்தினால் வெறுத்துப்போவான் என்பது அவருடைய கருத்து. நமது கல்லூரிகளில் இரண்டும் நடக்கின்றன. மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் என்னும் பெயரில் திடீரென்று முழுச் சுதந்திரம் கொடுக்கிறோம். இரண்டாண்டுகள் எழுதச் சொன்னதை மட்டும் எழுதியவன் என்ன செய்வான்? கடையில் ஆயத்தமாக விற்கும் புராஜெக்டை வாங்கி வருகிறான். அதைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

ஜெர்மனியில் தொழில் பழகுவோர் வாரத்தில் சில நாட்கள் தொழிற்கூடத்திலும் சில நாட்கள் தொழிற்பள்ளியிலும் பயில்கிறார்கள். என்ன வேலை செய்தோம், எதைக் கற்றோம் என்பதை அவர்கள் ஒரு குறிப்பேட்டில் முறையாக எழுதிவர வேண்டும். அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதி இல்லை. அந்நாட்டில் 1970-களில் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் ஒரு முறை உருவாயிற்று. 'இப்படிச் செய்' என்று சொல்வதற்குப் பதிலாகப் பயிற்சியாளர் கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுப்பார். இந்தத் தண்டைக் கடைய எந்த உளி? எந்த வேகம்? எதைக் கொண்டு அளப்பாய்? பயிலுநர் தகவல் திரட்டி, திட்டமிட்டு, பயிற்சியாளருடன் பேசி முடிவு செய்து, வேலையைச் செய்து, தானே அளந்து சரிபார்த்து, பிறகு அவருடன் அமர்ந்து மதிப்பிட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. கேள்விகளைத் தயாரிக்கும் பொறுமை தேவை. விடையைச் சொல்லிவிடாமல் இருக்கும் பொறுமை அதைவிடக் கூடுதலாகத் தேவை.

பெரியவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டுகள் தொழில் பழகியவர். கட்டுவதற்காக வந்த புத்தகங்களைப் படித்தே மின்னியலையும் வேதியியலையும் அறிந்தார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எழுதிய குறிப்புகளைத் தாமே அழகாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நம் கோவையில் ஜி.டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டி இயந்திரவியல் கற்றவர். ஆனால் இப்பெயர்களைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துவது நமது நோக்கமன்று. எல்லோரும் ஃபாரடே ஆக வேண்டியதில்லை. தன் கையில் இருக்கும் பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்கள் ஒரே பக்கத்தைப் பத்து முறை படிக்கிறார்கள். படித்தது பழகிப்போவதால் தெரிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே சற்று முந்தினார்கள். ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோது அவர்கள் நினைவில் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 56 விழுக்காடும் நின்றிருந்தன. ஆகவே புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் சுற்றுப்படத்தை வரையுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்ததே அன்றைய படிப்பில் பாதி.

கைப்பேசியைக் குறைகூறுவது இக்காலத்தில் பெரியவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்தில் பாடநூல்களும் வினா வங்கியும் உள்ளன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு டிப்ளமோ பாடநூல்கள் பலவற்றைத் தமிழிலும் வெளியிட்டுள்ளது. எல்லாம் கட்டணமில்லாதவை. ஆனால் ஒருவர் வெல்டிங் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் வெல்டிங் வந்துவிடாது. காணொளியைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன செய்வார் என்று முதலில் நீங்கள் எழுதுங்கள்; பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். தவறாக எழுதியிருந்தால் இன்னும் நல்லது, மறக்காது.

நமதூரில் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய ஏ.சி. மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப்பாருங்கள். அவர்கள் தொழில் பழகியபோது எங்கும் ஆர்-22 வாயுதான். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அந்த வாயு படிப்படியாக விலக்கப்பட்டது. ஆர்-410ஏ வந்தது, அதன் அழுத்தம் மிகக் கூடுதல், பழைய கேஜும் குழாயும் உதவாது. பிறகு ஆர்-32 வந்தது. அது மெல்லத் தீப்பற்றக்கூடியது, ஆகவே பிரேசிங் செய்யும் முன் எடுக்க வேண்டிய எச்சரிக்கையே வேறு. இருபதாண்டுக்குள் இத்தனை மாற்றம். இவற்றை அவர்களுக்குக் கற்பிக்க எந்தக் கல்லூரியும் வரவில்லை. தானே தேடிக் கற்றவர் சூப்பர்வைசர் ஆனார். கற்காதவர் என்ன ஆனார் என்பதை இந்த அவையில் நாம் விவரிக்க வேண்டியதில்லை, அவர்கள் நம் உறவினர்கள். பெட்ரோல் வண்டியைப் பழுதுபார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு மின்சார வண்டி இப்போது அதே கேள்வியை வைத்திருக்கிறது.

மாணவியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒரே கைப்பேசி; அது அண்ணன் கையில். மாலையில் சமையலறை. நடுநடுவே படிக்கும் பெண்ணிடம் சுயகற்றலைப் பற்றிப் பேசினால் அவள் சிரிப்பாள். தாய்மார்களே, அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், யாரும் அழைக்காத ஒரு மணி நேரம் கொடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

இனி அரியர் விஷயத்திற்கு வருகிறோம். ஜமாஅத்தின் பணம் பொதுப்பணம். அது வீணாகக் கூடாது என்னும் நிர்வாகத்தாரின் கவலை நியாயமானதே. ஆனால் அரியர் வைத்தவன் எல்லாம் சோம்பேறி என்னும் கணக்கு தவறு. நாம் சொன்ன காயில் கடைப் பையன் இரண்டு முறை தோற்றவன். அப்போது அவனுக்கு உதவியை நிறுத்தியிருந்தால் மூன்றாம் முறை அவன் தேர்வுக்கட்டணம் கட்டியிருக்க மாட்டான். எப்படிக் கற்பது என்று தெரியாதவனுக்கே அரியர் விழுகிறது. அவனிடமிருந்து தொகையை எடுத்துக்கொண்டால் அவன் கற்கும் வழியைக் கண்டுகொள்வானா? கட்டணம் கட்டியாகிவிட்டது, கடமை முடிந்தது என்று நாமும் இருந்துவிட்டோம். பாதித் தவறு நம்முடையது.

அதற்காக நிபந்தனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலுடன் ஒரு குறிப்பேட்டையும் கேளுங்கள். வாரத்திற்கு மூன்று வரிகள் போதும்: இந்த வாரம் எழுந்த கேள்வி எது, யாரிடம் அல்லது எதில் தேடினேன், என்ன கண்டேன். தமிழில் எழுதட்டும். பிழைகளைத் திருத்த வேண்டாம். சிலர் கடைசி இரவில் உட்கார்ந்து ஆறு மாதத்திற்கும் சேர்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். ரெக்கார்டு நோட்டு வாங்கிய அனுபவம் நமக்கு உண்டு. அதற்கு மருந்து, குறிப்பேட்டைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பதுதான். உண்மையில் தேடியவன் உற்சாகமாகப் பேசத் தொடங்குவான். மற்றவனைத் தண்டிக்க வேண்டாம். அடுத்த மாதம் வரச் சொன்னால் போதும்.

இன்னொரு கோரிக்கை. நூலகத்தின் மேல்மாடி அறை மாலை நேரங்களில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு நீளமேசை, ஒரு கரும்பலகை, பழுதான மின்விசிறி இரண்டு, பழைய மிக்சி ஒன்று, ஒரு மல்டிமீட்டர், ஒரு வெர்னியர் அளவுகோல் இவ்வளவு இருந்தால் அதுவே நமதூரின் தொழிற்கூடமாகும். ஊரில் இருக்கும் எலக்ட்ரீஷியன்களும் ஏ.சி. மெக்கானிக்குகளும் கடைசல் வேலை தெரிந்தவர்களும் வாரத்தில் ஒரு மாலை வந்து அமர வேண்டும். பாடம் நடத்த வேண்டாம். பிள்ளை கேட்கும்வரை காத்திருந்து, கேட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நம்மால் இயன்றவரை வெள்ளிதோறும் அஸருக்குப் பின் அங்கு இருக்கிறோம். மிக்சியை நம் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறோம். அது ஆறு மாதமாக ஓடவில்லை, ஏன் என்று நாமும் இன்னும் பார்க்கவில்லை. அறைச் சாவியை யாரிடம் பெறுவது என்பதை மட்டும் செயலாளர் அவர்கள் இப்போதே அறிவித்துவிட்டால் நலம்.